பிரித்துப் பழகிய கைகள்

சந்தியாகுவின் கொட்டகைக்குள் முழு வண்டியாகப் போன எதுவும் முழு வண்டியாகத் திரும்பி வந்ததில்லை. தாராவியில், நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே வளையும் சந்தில், கும்பார்வாடாக் குயவர் சூளைப் புகை வந்து படியும் இடத்தில், அது முப்பத்தோரு வருஷமாக நிற்கிறது. நசுங்கியது, வெள்ளத்தில் முங்கியது, வயசாகிச் செத்தது என்று வண்டிகள் வந்து இறங்கும். சாயங்காலத்துக்குள் இன்ஜின் ஒரு பக்கம், கியர்பாக்ஸ் ஒரு பக்கம், கதவுகள் சுவரோரம் வரிசையாக. எந்த வண்டியின் எந்தச் சாமான் எந்த வண்டியில் உட்காரும் என்பது அவருக்கு மனப்பாடம்.

"எஸ்டீம் இன்ஜின் ஜென்ல உக்காரும். பலேனோ கியர்பாக்ஸ் ரெண்டுலயும் உக்காரும். எல்லாம் சொக்காரனுவதான், ஒரே ரத்தம்" என்பார்.

அளவு ஒத்துப்போனால் எதுவும் சேரும் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் மூத்த மகள் சுஜாவின் ஆண்டுப் பூசை முடிந்த மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டே பேச்சை எடுத்தார்.

சுஜா போன செப்டம்பரில் இறந்தாள். மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் இல்லை. அவள் புருஷன் சாஜனுக்கு முப்பத்திரண்டு வயது. ஐரோலியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மகன் ஜோஷுவாவுக்கு மூன்று வயது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கோவண்டி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மாமனார் வீட்டு மாடி அறைக்கு வந்திருந்தான். காலையில் பஸ் ஏறுவான். சாயங்காலம் வருவான். பிள்ளைக்குச் சோறு ஊட்டுவான். யார் எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பான். ஒரு வருஷமாக அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே காலம் தள்ளிவிட்டான்.

அன்று மாமியார் லூர்து மேரி, சின்ன மகள் கிளாராவுக்குச் சுஜாவின் ஊதாச் சேலையைக் கட்டிவிட்டிருந்தாள். கறிக்குழம்புச் சட்டியோடு அடுக்களையிலிருந்து வந்த கிளாராவை ஓரக்கண்ணில் பார்த்த சாஜனுக்கு ஒரு நொடி சுஜா என்றே தோன்றியது. பிறகு அவன் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சாமியார்ட்ட பேசிட்டேன்" என்றார் சந்தியாகு. "நவம்பர் கடைசி ஞாயித்துக்கெழம மொத கல்யாண ஓலை. மூணு வாரம் பூசையில வாசிச்சாவன்னா, சனவரில கல்யாணத்த முடிச்சிரலாம்."

"யாருக்கு ஓலை?" என்றாள் கிளாரா.

"ஒனக்கும் மாப்ளைக்கும்தாம்ட்டி. வேற யாருக்கு? அக்கா எடத்துல தங்கச்சி. ஊரு ஒலகத்துல இல்லாததா? பிள்ளைக்கும் நீதான ஆயி மாதிரி இருக்க."

கிளாரா சட்டியைக் கீழே வைத்தாள். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து இரண்டு வருஷமாகக் கொட்டகையில் அப்பாவோடு வண்டி பிரிக்கிறவள். நகக்கண்ணை விட்டு கிரீஸ் போகாது.

"நான் ஐரோலில வேல கேட்டிருக்கேன்ப்பா."

"என்ன வேல?"

"ரேஸ் வண்டி கட்டுற எடம். மாட்டுங்காக்காரர் ஒருத்தர் நடத்துதாரு. அனந்தநாராயணன்னு பேரு. சர்டிபிகேட்ட அவரு தொட்டுக்கூடப் பாக்கல. நவம்பர் மூணாம் ஞாயிறு அங்க ஒரு போட்டி இருக்கு. உன் கையால ஒரு வண்டி கட்டிக் கொண்டா, ஆறு ரவுண்டு ஒடையாம ஓட்டு, ஜெயிக்க வேண்டாம், முடிச்சாப் போதும், வேல உனக்குன்னுட்டாரு."

"கட்டவா?" சந்தியாகு சிரித்தார். "ஏட்டி, நம்ம குடும்பத்துல ஒருத்தனாவது ஒரு வண்டியக் கட்டியிருக்கானா?"

"நான் கட்டுதேன். ஆறு ரவுண்டு முடிச்சா நான் வேலைக்குப் போவேன். கல்யாணப் பேச்சே எடுக்கப்படாது. எங்கயாவது ஒடஞ்சு நின்னா ஓலைய வாசிங்க. வாயத் தொறக்க மாட்டேன்."

"பேச்சு மாறமாட்டியே?"

"நீங்க மாறாம இருங்க."

"சரி. இன்ஜின் ஒண்ணு எடுத்துக்க. ஆனா நான் கை வைக்க மாட்டேன். யோசனையும் சொல்ல மாட்டேன்." கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு சாஜன் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்லுதிய மாப்ள?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். கிளாராதான் அதிக நேரம் பார்த்தாள். மாட்டேன் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வாயைத் திறந்தான். மாமியார் இன்னொரு கரண்டிக் குழம்பை ஊற்றினாள்.

"பாக்கலாம் மாமா" என்றான்.

*

மழை அந்த வருஷம் அக்டோபர் வரை விடவில்லை. கொட்டகையின் தகரக் கூரை ஓயாமல் சடசடத்தது. அதன் கீழே, மரக்கட்டைகள் மேல், பழைய ஜென் ஒன்றின் வெறுங்கூடு நின்றது. பின்பக்கம் அடிபட்டு வந்த வண்டி. முன்பக்கம் குற்றமில்லை. கிளாரா பின்பக்கத்தைச் சுத்தியலால் தட்டி, வெட்டி, இன்னொரு ஜென்னின் பின்பக்கத்தை ஒட்டவைத்திருந்தாள். ஒட்டிய கோடு தெரிந்தது.

"தெரிஞ்சா என்ன? பொண்ணு பாக்கவா வாரானுவ?" என்றாள்.

எஸ்டீம் இன்ஜின் அப்பாவின் குவியலிலிருந்து. கியர்பாக்ஸ் அங்கே தோதாக இல்லை. கோவண்டியில் பழைய சாமான் முற்றம் வைத்திருக்கும் கரீம் பாட்சாவிடம் பலேனோவின் கியர்பாக்ஸ் கிடைத்தது. டர்போவும் அவரிடம்தான், டீசல் ஸ்விஃப்ட் ஒன்றில் கழற்றியது. தேங்காய் அளவு. உள்ளே சின்னச் சக்கரம், விரலால் தட்டினால் சத்தமில்லாமல் சுற்றும்.

லூர்து மேரி டீ கொண்டுவந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இது என்ன செய்யும்?"

"இன்ஜின் வெளிய விடுற பொகையக் கொண்டு இந்தக் காத்தாடியச் சுத்தவிடணும்மா. இது சுத்துச்சுன்னா அந்தப் பக்கத்துக் காத்தாடி வெளிக் காத்த இன்ஜினுக்குள்ள திணிக்கும். காத்துக் கூட, பெட்ரோல் கூட, வேகம் கூட."

"வீணாப் போறத விடாமப் பிடிச்சு வேல வாங்குது. ஒங்கப்பாதான் இது" என்றாள் லூர்து மேரி. கொட்டகைக் கோடியில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த சந்தியாகுவுக்குக் கேட்டது. கேட்காதவர்போல் இருந்தார்.

டர்போவை இன்ஜினோடு சேர்க்கும் குழாய் எங்கும் கிடைக்காது, செய்ய வேண்டும். டிராம்பே பக்கம் ஆலைகளில் கழித்துப்போட்ட கனத்த நீராவிக் குழாய் வளைவுகளைக் கரீம் பாட்சா தேடிக் கொடுத்தார். கிளாரா அவற்றை அறுத்து, வைத்துப் பார்த்து, மறுபடி அறுத்து, வெல்டிங் அடித்தாள். மூன்று ஞாயிறு போனது. நாலாவது ஞாயிறு, மாடிப்படியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த சாஜனிடம் ஒயர்க் கட்டோடு ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அத்தான், நீங்க கம்ப்யூட்டர் படிச்சவுகதான? இது இன்ஜினோட மூளை. காலியா இருக்கு. எந்த வேகத்துக்கு எவ்வளவு பெட்ரோல்னு சொல்லிக் குடுக்கணும். எனக்கு வராது."

"பாக்கலாம்."

"பாக்கலாமும் வேண்டாம் கேக்கலாமும் வேண்டாம். லேப்டாப் எடுத்துட்டு வாங்க."

வந்தான். திரையில் கட்டம் கட்டமாக ஒரு பட்டியல். மேலிருந்து கீழே இன்ஜினின் சுற்று, இடமிருந்து வலம் காற்றின் அழுத்தம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் எழுத வேண்டும். எண் தவறாக இருந்தால் இன்ஜின் திக்கும், இருமும், வெடிக்கும். எண்ணைத் திருத்தினால் சரியாகிவிடும். தவறு எது என்று தெரிந்து, அதைத் திருத்தவும் முடிகிற வேலை. அந்த வருஷத்தில் அவனுக்கு அப்படி ஒன்று அதுவரை கிடைத்திருக்கவில்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு மத்தியானம் இன்ஜின் உயிர் பெற்றது. முதலில் இரண்டு தும்மல். பிறகு கூரைத் தகரமே அதிரும்படி ஓர் உறுமல். கிளாரா மிதிக்க மிதிக்க, உறுமலுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு விசில் எழுந்தது. டர்போ. ஜோஷுவா காதைப் பொத்திக்கொண்டு குதித்தான்.

"கேட்டீங்களா அத்தான்? ஏக்தம் குயிலு! அச்சு அசல் குயிலு!"

சாஜன் ஓர் எண்ணைத் திருத்தினான். விசில் சீரானது.

*

கரீம் பாட்சாவின் முற்றத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். முதல் நாள் வண்டி பாய்ந்தது. இரண்டாம் நாள் கிளட்ச் மிதித்தால் காலில் நடுக்கம் தெரிந்தது. மூன்றாம் நாள் மூன்றாவது கியர் விழ மறுத்தது. பிரித்துப் பார்த்தால், கிளட்ச் பிளேட்டின் நடுவிலுள்ள பற்கள் எலி கடித்ததுபோல் தேய்ந்திருந்தன.

"லோக்கல் மால் மகளே, மட்டச் சரக்கு" என்றார் கரீம் பாட்சா, பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்து. "நல்லதா ஒண்ணு போடு."

நல்லதாக ஒன்று போட்டாள். அதையும் எலி கடித்தது. கிளாரா இரண்டு நாள் வண்டிக்கு அடியிலேயே கிடந்தாள். கிளட்ச் கேபிளை மாற்றினாள். பேரிங்கை மாற்றினாள். மூன்றாவது பிளேட்டைப் போட்டு, நாலாவதையும் வாங்கிக் கையிருப்பாக வைத்தாள்.

"மெல்ல ஓட்டுதேன். ஆறு ரவுண்டு தாங்குனாப் போதும்."

சாஜன் லேப்டாப்பில் காற்றழுத்தத்தைக் குறைத்தான். வண்டியின் பாதி பலத்தைக் கட்டிப்போட்டதுபோல.

போட்டிக்கு முந்தின வாரம் வண்டியைச் சந்துக்குள் திருப்பிக் கொண்டுவந்தபோது, சந்தியாகு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கிளாரா கியரை மாற்றினாள். எங்கோ அடியில் கர்ரென்று சின்னதாக ஒரு சத்தம். சந்தியாகுவின் கையிலிருந்த கிளாஸ் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டார். அப்புறம் டீயைத் தரையில் கொட்டிவிட்டு உள்ளே போனார். சாஜன் அதைப் பார்த்தான். அர்த்தம் புரியவில்லை.

*

மைதானம் ஐரோலிக்கு அப்பால், மூடிப்போன ஆலை ஒன்றின் லாரி நிறுத்துமிடம். சிமெண்டுத் தரை. சிவப்புக் கூம்புகள் வைத்து வளைவு வளைவாகப் பாதை போட்டிருந்தார்கள். மழை ஓய்ந்து நவம்பர் வெயில் சுள்ளென்று இருந்தது. பளபளக்கும் வண்டிகள் பதினேழு. எல்லாவற்றுக்கும் கூடாரம், நாற்காலி, ஒரே நிறச் சட்டை போட்ட ஆட்கள்.

கிளாராவின் வண்டி டெம்போவிலிருந்து இறங்கியது. முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் நீலம், ஒரு கதவு மெரூன். கூடவே இறங்கியவர்கள் சந்தியாகு, பேரனை இடுப்பில் வைத்த லூர்து மேரி, மூன்றடுக்கு டிபன் கேரியர், ஒரு தார்ப்பாய், கரீம் பாட்சா.

அனந்தநாராயணன் வந்து பார்த்தார். அறுபது வயது, வெள்ளைத் தொப்பி, விபூதி.

"எத்தனை வண்டிம்மா இது?"

"அஞ்சு சார். டர்போவையும் சேத்தா ஆறு."

"பேஷ். ஆறு வண்டியும் சேந்து ஆறு ரவுண்ட் ஓடட்டும். மத்தியானம் சாப்பாட்டுக்கு ஒண்ணரை மணி நேரம் நிறுத்துவோம். அதுக்கு முன்னாடி மூணு, அப்பறம் மூணு. ஒவ்வொரு வண்டியாத் தனியா விட்டு நேரம் எழுதுவா, நம்பர் கூப்பிட்டா ஸ்டார்ட்டிங் லைன்ல இருக்கணும். இல்லேன்னா எழுதமாட்டா."

முதல் ரவுண்டு மெல்லப் போய் மெல்ல வந்தாள். பதினான்காவது இடம். இரண்டாவது அதே. மூன்றாவதில், கடைசி வளைவுக்கு முன்னால், அந்த கர்ர் சத்தம் மைதானம் முழுவதற்கும் கேட்டது. வண்டி இரண்டாவது கியரிலேயே, தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு, கோட்டைத் தாண்டி வந்து நின்றது. கிளாரா ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"மறுபடி பிளேட்டு போச்சு அத்தான். இன்னும் மூணு இருக்கு."

"கையிருப்புல ஒண்ணு இருக்கே."

"அது மூணு ரவுண்டு தாங்காது. இப்ப இது எத்தன தாங்குச்சு? போன வாரம் ஓட்டுனதையும் சேத்தே கொஞ்சம்தான்."

"போடாம நின்னா?"

அவள் தார்ப்பாய் நிழலில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். பிறகு சட்டைக் கையை மடித்தாள். "கழத்துவோம்."

அப்போதுதான் அந்தக் கூடாரங்களிலிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலை நீட்டினார்கள். இரண்டு ஜாக்கியில் வண்டி ஏறியது. சக்கரம், அச்சு, ஒயர், கேபிள். கிளாரா ஒரு பக்கம், கரீம் பாட்சா ஒரு பக்கம். பேச்சே இல்லை. ஒருவர் கை நீட்டினால் அடுத்தவர் கையில் ஸ்பானர் தயாராக இருந்தது. போல்ட்டுகள் கழன்று சாஜன் பிடித்த சோற்றுத் தட்டில் விழுந்தன. இருபத்திரண்டு நிமிஷத்தில் கியர்பாக்ஸ் தரையில்.

"அரே பாப்ரே" என்றான் பக்கத்துக் கூடாரத்து ஆள் ஒருவன். "எங்க ஆளுங்களுக்கு ரெண்டு மணி நேரமாகும்."

"பிரிக்கிறதுல தாராவிய அடிக்க எவன் இருக்கான்?" என்றார் கரீம் பாட்சா. கிளாரா சிரிக்கவில்லை. தேய்ந்த பிளேட்டைக் கையில் வைத்து வெறித்துக்கொண்டிருந்தாள். பிரிக்கத் தெரிந்த கைகள். சேர்ப்பதில் எங்கோ கோட்டை விட்டிருக்கின்றன.

சாஜன் குனிந்து, திறந்து கிடந்த இன்ஜினின் முகத்தைப் பார்த்தான். போல்ட் போகும் மரைத் துளைகள் சுற்றிலும். அவற்றோடு, மரை இல்லாத இரண்டு துளைகள், எதிரெதிர் மூலையில். தரையில் கிடந்த கியர்பாக்ஸின் முகத்தையும் பார்த்தான். அங்கேயும் இரண்டு.

"இது எதுக்குக் கிளாரா?"

"எது? அதுவா? சும்மா ஓட்டை அத்தான். எல்லா இன்ஜின்லயும் இருக்கும்."

"அந்தப் பக்கமும் இருக்கு. அதே அளவு. நேருக்கு நேர். சும்மாவா ரெண்டு பக்கமும் ஓட்டை போடுவான்?"

கிளாரா விரலை ஒரு துளைக்குள் விட்டாள். பிறகு அடுத்ததில். விரல் அங்கேயே நின்றது.

"மாதாவே" என்றாள் மெதுவாக. "பின்னு."

"என்ன பின்னு?"

"கட்டைவிரல் நுனி அளவு இருக்கும். குழலு மாதிரி. அப்பா இன்ஜினப் பிரிச்சதும் மொத வேலையா அதத் தட்டி எடுத்துப் பவுடர் டப்பால போட்டுருவாரு. இன்ஜின ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கும்போது அடிபட்டு நசுங்கிரும்னு. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேத்து வாங்குறவனுக்கு மட்டும் டப்பாலேருந்து ரெண்டு எடுத்துக் குடுப்பாரு. நான் சின்னப் பிள்ளையிலேருந்து அத…" அவள் துளையிலிருந்து விரலை உருவினாள். "கொசுறுன்னு நெனச்சிட்டிருந்தேன் அத்தான்."

கரீம் பாட்சா நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் கியர்பாக்ஸ் குடுக்குறவன். பின்னு இன்ஜின்காரன் தருவான்னு விட்டுட்டேன். இவ இன்ஜின் வீட்டுப் பிள்ளையாச்சே, இவட்ட இருக்கும்னு நெனச்சேன் தம்பி."

பின் இல்லாமல் போல்ட்டை மட்டும் முடுக்கினால் இரண்டும் ஒட்டத்தான் செய்யும். ஆனால் தலைமுடி அளவு விலகி ஒட்டும். அந்த விலகலை ஒவ்வொரு சுற்றிலும் பிளேட் தின்று தீர்த்திருக்கிறது.

"டப்பா தாராவில இருக்கு" என்றாள் கிளாரா. "போயிட்டு வர ரெண்டு மணி நேரம். முடிஞ்சுது."

சாஜன் நிமிர்ந்தான். தார்ப்பாய் நிழலில் சந்தியாகு சட்டைப் பையில் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தார். காலையில் டெம்போவிலும் அந்தக் கை அங்கேதான் இருந்தது. டீக் கிளாஸ் பாதியில் நின்றது அவனுக்கு ஞாபகம் வந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் நடந்தான்.

"மாமா, பின்னு வேணும்."

"டப்பா வீட்லல்லா கெடக்கு."

"பையில என்ன?"

"செபமாலை."

சாஜன் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். லூர்து மேரி பேரனுக்குச் சோறு ஊட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"அன்னைக்கி சத்தத்தக் கேட்டதுமே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு."

"நான் யோசன சொல்ல மாட்டேன்னு அன்னைக்கே சொன்னேன்லா."

"சொல்லல. ஆனா எடுத்துட்டு வந்திருக்கீங்க."

சந்தியாகு கூம்புகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எடுத்துட்டுத்தான் வந்தேன். குடுக்கவா வேண்டாமான்னு காலையிலேருந்து உருட்டிட்டிருக்கேன். ஒரு மவ மண்ணுக்குள்ள போயிட்டா மாப்ள. இவ ஐரோலிக்குப் போயிருவா. நாளைக்கி நீங்க வேற ஒருத்தியப் பாத்துக் கெட்டிக்கிட்டு, இந்தப் பயலத் தூக்கிட்டுப் போயிட்டியன்னா? நானும் ஒங்க அத்தையும் அந்தக் கொட்டகையில எந்த மூஞ்சியப் பாத்துட்டு இருப்போம்? சொல்லுங்க."

அவர் அதுவரை இதைச் சொன்னதில்லை. சாஜனும் அதுவரை கேட்டதில்லை.

"நான் எங்கயும் போகல மாமா. ஜோஷுவாவும் போகமாட்டான். மாடி அறையிலதான் இருப்போம்." அவர் முகத்தை நேராகப் பார்த்தான். "ஆனா கிளாரா சுஜா இல்ல. சேலை பொருந்திப்போச்சுங்கறதுக்காக இவ அவ ஆயிருவாளா? வண்டி ஓடினாலும் சரி, ஓடலைன்னாலும் சரி, நான் அவளக் கட்டிக்க மாட்டேன்."

"எப்ப எடுத்த முடிவு?"

"நீங்க கேட்ட அன்னைக்கே. சொல்ல வாய் வரல."

"இப்ப மட்டும் எப்படி வந்திச்சு?"

"நேரமில்ல மாமா. இன்னும் அம்பது நிமிஷம்தான் இருக்கு."

லூர்து மேரி புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "குடுத்துத் தொலைங்க. கிளாரா முகத்தப் பாக்க முடியல."

சந்தியாகு பையிலிருந்து கையை எடுத்தார். செபமாலையோடு சிக்கிக்கொண்டு இரண்டு சின்ன இரும்புக் குழல்கள் வெளியே வந்தன. உருட்டி உருட்டிப் பளபளவென்று இருந்தன. சிக்கலைப் பிரித்து மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார்.

"சுத்தியலப் போட்டு அடிச்சிராதிய. எண்ணெய் தடவி வெரலால தள்ளுனா உக்காரும்." பிறகு ஞாபகம் வந்தவராக, "இது யோசன இல்ல. சும்மா சொன்னேன்" என்றார்.

*

பின்னை விரலால் தள்ளினாள். உட்கார்ந்தது. கையிருப்புப் பிளேட்டை மாட்டி மூன்று பேரும் கியர்பாக்ஸைத் தூக்கி இன்ஜினோடு சேர்த்தார்கள். முன்பெல்லாம் போல்ட்டை முடுக்கி முடுக்கித்தான் இரண்டையும் நெருக்க வேண்டியிருந்தது. இப்போது, போல்ட் போடுவதற்கு முன்பே, டக்கென்று ஒரே சத்தம். கையை எடுத்தாலும் விழவில்லை.

கிளாரா அந்தச் சத்தத்தை இன்னொரு முறை கேட்பவள்போல் தலை சாய்த்து நின்றாள். அப்பாவின் அதே சாய்ப்பு.

மாட்டிய வேகத்தில் எல்லோருக்கும் விரலில் ரத்தம். நம்பர் கூப்பிட்டபோது கடைசிப் போல்ட் முறுகிக்கொண்டிருந்தது. நாலாவது ரவுண்டில் சத்தமில்லை. பன்னிரண்டாம் இடம். ஐந்தாவதில் மூன்றாம் கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தது. ஒன்பது. பக்கத்துக் கூடாரத்து ஆட்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கோட்டருகே வந்துவிட்டார்கள்.

ஆறாவதுக்கு முன் கிளாரா கண்ணாடியை இறக்கினாள்.

"அத்தான், காத்தக் கட்டிப் போட்டிருக்கீங்கள்லா? அவுத்து விடலாமா?"

மெல்லப் போனாலும் முடியும். முடித்தாலே வேலை. சாஜன் லேப்டாப்பைப் பார்த்தான். எண்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் அவன் எழுதியது. ஒவ்வொன்றும் சரி.

அழுத்தத்தை முழுசாக ஏற்றினான். "அவுத்து விட்டாச்சு" என்றான்.

வண்டி கிளம்பியபோது முதலில் உறுமல், பிறகு விசில். அது ஏறிக்கொண்டே போனது. முதல் வளைவில் நீல வால் வெளியே வீசியது, நேரானது. இரண்டாவது கியர், மூன்றாவது. கூம்புகளுக்கு இடையில் வெள்ளையும் நீலமும் மெரூனும் ஒரே கோடாகத் தெரிந்தன. சந்தியாகு தார்ப்பாயைவிட்டு எழுந்து நின்றிருந்தார். கடைசி வளைவில் கிளாரா கொஞ்சம் தயங்கினாள்.

"மிதி!" என்று யாரோ கத்தினார்கள். "மிதி கிளாரா! மிதி!"

தன் குரல்தான் என்று சாஜனுக்கு ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. எப்போதோ தோளில் ஏறியிருந்த ஜோஷுவா பயந்து அப்பாவின் முடியைப் பிடித்தான். பிறகு அவனும் கத்தினான். "மிதி சித்தி!"

மிதித்தாள். விசில் உச்சத்துக்குப் போய், வண்டி கோட்டைத் தாண்டி, மைதானத்தின் அந்தக் கோடியில்தான் நின்றது. ஒலிபெருக்கியில் நேரம் சொன்னார்கள். அன்றைய பதினெட்டு வண்டிகளில் இரண்டாவது.

கரீம் பாட்சா ஸ்பானரால் சோற்றுத் தட்டில் தாளம் போட்டார். லூர்து மேரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே டிபன் கேரியரைத் திறந்தாள். கிளாரா இறங்கி வந்தாள். அம்மாவின் கையிலிருந்து ஓர் உருண்டை எலுமிச்சைச் சோற்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

அனந்தநாராயணன் வந்து, வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். அடியில் குனிந்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று தரையைத் தொட்டுப் பார்த்தார். விரல் உலர்ந்திருந்தது.

"நாளைக்குக் காலம்பர ஒன்பது மணிம்மா. ஒன்பது அஞ்சுக்கு வந்தா கேட்டைச் சாத்திடுவேன்."

"சரி சார்" என்றாள், வாயில் சோற்றோடு.

"வண்டியை இங்கயே விட்டுட்டுப் போ. நாளைக்கு முதல் வேலையா இதை அக்கு அக்கா பிரிச்சுப் பாத்துடலாம். எப்படித் தாக்குப் பிடிச்சதுன்னு நேக்குத் தெரியணும்."

"பிரிக்கப்படாது!"

எல்லோரும் திரும்பினார்கள். சந்தியாகு. அவருக்கே அந்தக் குரல் அதிகமாகப் பட்டது போலிருக்கிறது. செபமாலையைப் பையில் போட்டுக்கொண்டு தணிந்து சொன்னார்.

"முப்பத்தொரு வருசமா நான் பிரிக்கேன் சார். எத்தனையோ வண்டி. இந்த ஒண்ணு இப்படியே கெடக்கட்டும்."

"அப்போ அந்தப் பின்னு ரெண்டும் உங்களுக்குத் திரும்ப வேண்டாமாப்பா?" என்றாள் கிளாரா.

"ஏட்டி, அது கொசுறு. வச்சுக்க."

சாஜனுக்குச் சிரிப்பு வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தோளில் இருந்த பிள்ளையையும் குலுக்கிக்கொண்டு வந்தது. லூர்து மேரி கரண்டியோடு அப்படியே நின்று மருமகனைப் பார்த்தாள். பிறகு அவன் தட்டில் ஒரு கரண்டி அதிகமாகப் போட்டாள்.

"போதும் அத்த" என்றான். கரண்டி நின்றது. "இல்ல, போடுங்க. பசிக்குது."